இசைத்தட்டுக் கேள்வி–பதில்: விலைபோகாத பாட்டுக்கு வந்த விலை

சென்ற இதழில் என்னிடமுள்ள ஏழு அங்குலத் தட்டு ஒன்றைப் பற்றி எழுதியபோது, 'நார்தர்ன் சோல்' (வடக்குச் சோல்) என்ற இசை வகையின் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு மேலே சென்றுவிட்டேன். அது என்ன என்று கேட்டு வந்த கடிதங்கள் மேசையில் நிறைந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுப் பகுதியும் அந்த இசைக்கும், அதன் தட்டுகளைத் தேடி அலைந்தவர்களுக்கும், அதற்கு விடிய விடிய ஆடியவர்களுக்கும் உரியது.

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். பாடியவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பெயரில் உள்ள 'வடக்கு' அமெரிக்காவின் வடக்கா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்லை, இங்கிலாந்தின் வடக்கு. பாடியவர்கள் அமெரிக்கர்கள், ஆடியவர்கள் ஆங்கிலேயர்கள், பெயர் ஆடியவர்களின் ஊரைக் கொண்டு அமைந்தது.

தேவாலயப் பாட்டின் உருக்கமும் ரிதம் அண்ட் புளூஸின் தாளமும் கலந்து அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவானது சோல் இசை. டெட்ராய்ட் நகரில் 1959-இல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம், அதற்குத் துள்ளலான ஒரு நடையைக் கொடுத்து உலகமெங்கும் விற்றுக் காட்டியது. அதைப் பார்த்து டெட்ராய்டிலும் சிகாகோவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. நல்ல குரலும் கைதேர்ந்த வாத்தியக்காரர்களும் நெஞ்சில் நிற்கும் மெட்டும் இருந்தும், வானொலியில் போட ஆளில்லாமலும் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கப் பணமில்லாமலும் அவர்களுடைய தட்டுகளில் பெரும்பாலானவை கிடங்கிலேயே முடங்கிப்போயின.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க ரசனை ஃபங்க் என்ற புதுப் பாணியின் பக்கம் திரும்பியது. லண்டனும் அதன் பின்னால் போயிற்று. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர்கள் மட்டும் பழைய வேகத்தை விடவில்லை. கால்பந்துப் போட்டி பார்க்க லண்டனுக்கு வந்த அவர்கள், டேவ் கோடின் என்பவர் நடத்திய 'சோல் சிட்டி' என்ற இசைத்தட்டுக் கடைக்கும் வந்து, பழைய வகைத் தட்டுகளையே கேட்டு வாங்கினார்கள். வடக்கிலிருந்து வரும் வாடிக்கையாளருக்கு எதை எடுத்துப்போட வேண்டும் என்று கடையில் வேலை பார்த்தவர்களுக்குப் புரிவதற்காக அவர் வைத்த பெயர்தான் 'நார்தர்ன் சோல்'. 1970-இல் அவர் அதைத் தம் பத்திரிகைப் பத்தியில் எழுதிய பிறகு, அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: என் தகப்பனார் எங்கள் ஊர் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூக்கத்தைத் தவிர வேறு நினைப்பு அவருக்கு இருந்ததில்லை. வாரம் முழுவதும் உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவும் கண்விழித்து ஆடினார்கள் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது.
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: தங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மான்செஸ்டரைச் சூழ்ந்த லங்காஷயர், ஆலைச் சங்குக்கு எழுந்து ஆலைச் சங்குக்கு உறங்கிய மண். நம் கரிசல் காட்டில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறிய பருத்தி, ஒரு காலத்தில் அந்த மாவட்டத்து ஆலைகளுக்கும் போனது. 1970-களில் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. ஆலையிலும் பட்டறையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த வீடுகளின் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் இந்த இசைக்கு ஆடிய நடனக் கூடங்களை நிறைத்தவர்கள். வாரமெல்லாம் மேஸ்திரி சொன்னபடி அசைந்த உடம்பை, ஓர் இரவு முழுவதும் தங்கள் விருப்பப்படி அசைத்துப் பார்க்க அவர்கள் ஆசைப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

மான்செஸ்டரில் 'ட்விஸ்டட் வீல்' என்ற மன்றம் 1971 வரையிலும், ஸ்டோக் நகரப் பகுதியில் 'டார்ச்' 1973 வரையிலும் இதற்கு இடம் கொடுத்தன. அதன்பின் எல்லார் கண்ணும் விகன் என்ற ஆலை நகரத்தின் மேல் விழுந்தது. அங்கே 'விகன் கேசினோ' என்று ஒரு பழைய நடனக் கூடம் இருந்தது. பெயர் அப்படி இருந்தாலும் சூதாட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 1973 செப்டம்பரிலிருந்து 1981 டிசம்பர் வரை அங்கே சோல் இரவுகள் நடந்தன. ஊரில் மற்ற மன்றங்கள் கதவை அடைத்த பிறகு, நள்ளிரவுக்குப் பின்தான் அங்கே கதவு திறக்கும். காலை 8 மணிக்கு முடியும். மது விற்பனை இல்லை. ஸ்காட்லாந்திலிருந்துகூட பஸ் பிடித்தும் ரயில் பிடித்தும் வந்தார்கள். நம் கச்சேரிகள் மங்களம் பாடி முடிவதைப்போல, விடிகாலையில் குறிப்பிட்ட மூன்று பாட்டுகளைப் போட்டுத்தான் இரவை முடித்தார்கள். 'எட்டுக்கு முந்தைய மூன்று' என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. டோபி லெஜண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ் ஆகியோர் பாடியவை அவை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டரிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் என்னை ஒரு சிற்றூரின் தொழிலாளர் மன்றக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் எழுபது வயதை ஒட்டிய, பணி ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் அமர்ந்திருந்தார். தோள்பையைத் திறந்து ஒரு துவாலை, ஒரு மாற்றுச் சட்டை, துணியில் சுற்றிய ஒரு ஜோடி தோல்காலணி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். காலணியை மாட்டிக்கொண்டு, டால்கம் பவுடர் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் தூவி, அடிப்பாகத்தால் அதைத் தேய்த்துப் பார்த்தார். பாட்டு தொடங்கியதும் அவர் உடனே ஆடவில்லை. கண்ணை மூடி நான்கைந்து தாளம் நின்றார். பிறகு எழுபது வயது முழங்கால்களா இவை என்று கேட்கும்படி, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாட்டின் நடுவே ஓரிடத்தில் வாத்தியங்கள் சட்டென்று நிற்கின்றன. அந்த இடைவெளியில், யாரும் சைகை காட்டாமல், கூடத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே ஒரு முறை கைதட்டினார்கள். இருநூறு கை ஓர் ஓசை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தது. அவர் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, நான் கேட்காமலே, அந்தத் தட்டின் லேபிளையும் எண்ணையும் அது பதிவான நகரத்தையும் எனக்குச் சொன்னார்.

கேள்வி: எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடையில் முன்பெல்லாம் ரிக்கார்டு டான்ஸ் வைப்பார்கள். நீங்கள் எழுதுவது அதுதானே?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தட்டு சுழல்கிறது, ஆட்டம் நடக்கிறது என்ற அளவில் ஒற்றுமை உண்டு, அதற்கு மேல் இல்லை. ரிக்கார்டு டான்ஸில் கூலி பெற்ற கலைஞர்கள் மேடையில் ஆட, ஊர் கீழே உட்கார்ந்து பார்க்கும். சோல் கூடத்தில் மேடையில் இருப்பவர் தட்டுப் போடுபவர் மட்டுமே. வந்தவர்கள் எல்லாரும் ஆடுபவர்கள், பார்ப்பதற்கென்று எவரும் வருவதில்லை.

ஆனால் கொடையில் வேறொருவர் இருந்தார். அவரைத்தான் எனக்கு இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. மைக் செட்காரர். ஆலமரத்தில் குழாய் கட்டி, அடுத்த ஊர் செட்டில் இல்லாத பாட்டைத் தாம் போட்டுவிட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த வைராக்கியம் சாதாரணமானதன்று. என் சிறு வயதில் எங்கள் தெருவில் இருந்த மைக் செட்காரர், தட்டுப் பெட்டியின் மூடியை முழுதாகத் திறக்கவே மாட்டார்; கையை மட்டும் உள்ளே விட்டு, தடவியே எடுப்பார். எந்தத் தட்டு என்று எட்டிப் பார்த்தால் தலையில் குட்டு விழும்.

இங்கிலாந்தின் டி.ஜே.க்கள் இதையே ஒரு கலையாக வளர்த்தார்கள். அமெரிக்காவுக்குப் போய், மூடிய கடைகளின் கிடங்குகளில் தூசியோடு கிடந்த ஆயிரக்கணக்கான தட்டுகளைப் புரட்டி, ஒன்றிரண்டைக் கண்டெடுத்துக் கொண்டுவருவார்கள். பாடகர் பெயர் வெளியே தெரிந்தால் போட்டியாளரும் தேடிப் பிடித்துவிடுவார். எனவே லேபிளின்மேல் காகிதத்தை ஒட்டிப் பெயரை மறைத்து, கற்பனையான ஒரு பாடகர் பெயரைச் சொல்லி அறிவிப்பார்கள். இதற்கு முன்பே ஜமைக்காவில் நம் மைக் செட்காரர்களைப் போன்ற சவுண்ட் சிஸ்டம்காரர்கள் லேபிளைச் சுரண்டி எடுத்து இதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். தொழில் ரகசியம் என்ற வகையில் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒருமுறை தோற்றுப்போன பாடகரின் பெயர் இரண்டாம் முறையும் மறைக்கப்பட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி: ஒரே ஒரு தட்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார்கள் என்று படித்தேன். உண்மையா? அப்படி அதில் என்னதான் இருக்கிறது?
— வாசகர், வள்ளியூர்

பதில்: உண்மை. ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' என்ற தட்டு அது. மோட்டவுனின் கிளை லேபிளான (வெளியீட்டுப் பெயரான) 'சோல்' அதை 1965-இல் வெளியிட ஏற்பாடு செய்து, மாதிரிப் பிரதிகளையும் அச்சிட்டுவிட்டது. வில்சனோ பாடகராக மேடையேறுவதைவிடப் பாட்டு எழுதித் தயாரிப்பவராக இருப்பதையே விரும்பினார். வெளியீடு நின்றது, பிரதிகள் அழிக்கப்பட்டன, தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று 1970-களில் அமெரிக்காவிலிருந்து வெளியே வந்து, விகனில் 'எட்டி ஃபாஸ்டர்' என்ற பொய்ப் பெயரில் ஒலித்தது. 2009-இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கு விலைபோயிற்று. 2020-இல் ஒரு லட்சம் பவுண்டு.

அந்த விலைக்குக் காரணம் அபூர்வம் மட்டும்தான் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். யாரும் கேட்காத அபூர்வத் தட்டுகள் உலகில் எத்தனையோ உண்டு. பல நூறு கால்கள் அந்தப் பாட்டுக்கு ஆடிப் பார்த்து, இது நிற்கும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பணம் வந்தது. குளோரியா ஜோன்ஸின் 'டெயின்டட் லவ்' 1960-களின் நடுவில் ஒரு தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்து, கேட்பாரின்றிப் போன பாட்டு. சோல் கூடங்கள் அதைத் தூக்கி நிறுத்தின. 1981-இல் சாஃப்ட் செல் குழு அதையே மறுபடி பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மேஜர் லான்ஸ் போன்ற அமெரிக்கப் பாடகர்களைக் கடல்கடந்து வரவழைத்துப் பாடவைத்ததும் இதே ரசிகர்கள்தாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: போலி அச்சுகள் மிகுதி. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் அசல் என்று நம்பி நானே ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். லேபிளை மட்டும் பார்த்தேன், தட்டின் உள்வளையத்தைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்றுப் பகுதியில் மேட்ரிக்ஸ் எண் என்ற அச்சு அடையாள எண் இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் அச்சானவற்றில் ஒரு சிறு முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் கீறப்பட்டிருக்கும். அசல் ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் வந்த தட்டாக இருக்க, நம் கைக்கு வந்தது வளைந்துகொடுக்கும் வினைலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தியிருக்கும். ஸ்டைரீனில் பெரும்பாலும் மேலே ஒட்டப்பட்டிருக்கும், நகத்தால் தட்டினால் ஓசையும் கூர்மையாக இருக்கும்.

போலியில் பாடியவருக்கு ஒரு காசும் போகாது. வீட்டில் கேட்கத்தான் வேண்டும் என்றால், 1982-இல் தொடங்கிய கென்ட் லேபிள் போல முறையாக உரிமை பெற்று மறுவெளியீடு செய்பவர்களின் தொகுப்புகளை வாங்குங்கள். வில்சனின் பாட்டையே இங்கிலாந்தில் மோட்டவுனின் பிரிட்டன் லேபிளான டாம்லா மோட்டவுன் 1979-இல் முறைப்படி வெளியிட்டது. கூடத்தில் தட்டுப் போடுபவர்கள் அசலை மட்டுமே போட வேண்டும் என்று வைத்திருக்கும் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். தேடி உழைத்தவரின் உழைப்பை அது காக்கிறது. வீட்டு நாற்காலிக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

கேள்வி: இந்த ஆட்டத்தை நாங்கள் கற்றுக்கொள்ள முடியுமா? ஜோடி சேர்ந்துதான் ஆட வேண்டுமா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஜோடி வேண்டியதில்லை, அம்மா. ஒவ்வொருவரும் தனியாகவே ஆடுவார்கள். பெண்கள் துணைக்கு ஆள் தேடாமல் தரையில் இறங்கும் வசதி இதில் தொடக்கத்திலிருந்தே உண்டு. அடிப்படை மிக எளியது. மேலுடம்பு தளர்ந்து நிமிர்ந்திருக்க, பாதங்கள் தாளத்துக்குப் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும். சுழற்சி, பின்னால் சரிந்து கையூன்றி எழுவது, உயர உதைப்பது ஆகியவை அதற்கு மேல் வருபவை. பாட்டு எங்கே ஏறும், எங்கே நிற்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களே அந்த இடங்களில் சுழல்வார்கள். ஆகவே முதலில் பாட்டைக் கேளுங்கள். கால் பிறகு வரும்.

நம் சிமெண்ட் தரை இதற்கு ஆகாது, முழங்கால் போய்விடும். மரத்தளமே சிறந்தது. கேரம் பலகையில் பவுடர் தூவினால் காய் எப்படி ஓடுமோ, அதே காரியத்தை டால்கம் பவுடர் அங்கே செய்கிறது. ரப்பர் அடி வைத்த காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும். தோல் அடி வேண்டும். பாவாடையோ கால்சட்டையோ, அகலமாக இருக்கட்டும்.

கேள்வி: அந்தக் கூடங்களில் போதை மாத்திரைப் பழக்கம் இருந்ததாமே?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: இருந்தது. தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெடமின் மாத்திரைகளைப் பலர் விழுங்கினார்கள். போலீஸ் சோதனைகள் நடந்தன. சிலருடைய வாழ்க்கை அதில் கெட்டது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாரலில் தட்டு உறைகளில் பூஞ்சை பூத்துவிடுகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: பொறுங்கள். அரக்கில் செய்த பழைய 78 சுற்றுத் தட்டு ஒன்றை நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, தடம் மங்கிற்று, பாட்டு போயிற்று. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதை அன்று அந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க சோல் தட்டுகளில் பல ஸ்டைரீன். அதன் அருகில் தின்னரைக் கொண்டுபோகவே கூடாது, பீரோவில் போடும் அந்து உருண்டையும் அதற்குப் பகை. வடித்த நீரில் மென்மையான சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பஞ்சுத் துணியால் தடத்தின் போக்கிலேயே, லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். பூத்த காகித உறையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது உறை போடுங்கள். ஈரம் ஏறும் சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்க வேண்டாம். தட்டுகள் நேராக நிற்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், வினைல் அப்பளம்போல் வளைந்துவிடும்.

கேள்வி: என் பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் காலமான பின் தகரப் பெட்டியைத் திறந்தோம். 31 சின்னத் தட்டுகள் இருந்தன. எல்லாம் ஆங்கிலப் பாட்டுகள், நடுவில் பெரிய ஓட்டை. எங்கள் பிளேயரில் நிற்கவில்லை. பழைய சாமான் வியாபாரி 200 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— வாசகர், மணப்பாடு

பதில்: கொடுக்க வேண்டாம். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தங்களுடையதுதான். அமெரிக்காவில் அச்சான 45 சுற்றுத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் அப்படிப் பெரிய துளை இருக்கும். ஓட்டைக்குள் பொருந்தும் பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கிறது. அடாப்டர் என்று கேட்டால் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் வில்லை வந்த கையோடு போட்டுக் கேட்டுவிடாதீர்கள். பழைய பிளேயரின் தேய்ந்த ஊசி, ஸ்டைரீன் தட்டை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். முதலில் ஊசியை மாற்றுங்கள்.

31 தட்டும் அபூர்வமாக இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை; எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளாகவே இருந்துவிடவும் கூடும். தாங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொன்றையும் விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் பிடித்து எடுத்து, லேபிளின் பெயர், எண், இரண்டு பக்கத்துப் பாட்டு, பாடியவர், உள்வளையத்தில் கீறியிருக்கும் எழுத்து ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுவது. வெள்ளை லேபிளோடு வந்த மாதிரிப் பிரதி இருந்தால் தனியே வையுங்கள். உறையில் பெரியப்பா கைப்பட ஏதாவது எழுதியிருந்தால், துறைமுகத்தின் பெயரோ தேதியோ, அதை அழிக்காதீர்கள். நோட்டின் நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கடிதம் கிடைத்த வாரமே, புது ஊசியும் வில்லையும் எடுத்துக்கொண்டு நானே மணப்பாட்டுக்கு வருகிறேன். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வைத்தே போட்டுக் கேட்போம்.